காதிற் புகுந்த தெள்ளு

பிரெஞ்சு மக்களின் பேச்சிலே பழைய வழக்கொன்று உண்டு. ஒருவர் மனத்தில் ஐயத்தை எழுப்பிவிடுதலை ‘காதிலே தெள்ளை விடுதல்’ என்று அவர்கள் கூறுவர். காதிற் புகுந்த தெள்ளுப்பூச்சி எவரையும் ஓரிடத்தில் அமர்ந்திருக்க விடாது. உள்ளத்திற் புகுந்த ஐயமும் அத்தகையதே. இந்த வழக்கையே தலைப்பாகக் கொண்ட நாடகம் ஒன்று 1907ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி, பாரிஸ் நகரின் ‘நூவோத்தே’ அரங்கில் முதன்முறையாக மேடையேறியது. அதனை இயற்றியவர் ஜோர்ஜ் பெய்தோ. பிரெஞ்சு நகைக்கூத்து மரபின் உச்சங்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுவது அந்நாடகம்.

கணவன் நெறி பிறழ்ந்தானோ என்று மனைவி கொள்ளும் ஐயமும், ஒருவரை மற்றொருவராக எண்ணி மயங்கும் ஆள்மாறாட்டமும் இதன் இரு பொருள்கள். ஓட்டமும் ஒளிப்பும், கதவு திறத்தலும் மூடுதலும், உதைத்தலும் உதைபடுதலுமாக மூன்று அங்கங்கள் கழிகின்றன. இத்தகைய கூத்தை வரலாற்று நோக்கில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் வினவக்கூடும். ஒரு சமுதாயம் எதனை எண்ணி அஞ்சுகின்றது என்பதை அதன் சட்டநூல்கள் காட்டும். அவ்வச்சத்தை அது எவ்வாறு தாங்கிக்கொள்கின்றது என்பதை அதன் நகைச்சுவை காட்டும். பெய்தோவின் நாடகத்தை அக்காலத்துச் சட்டத்தோடு சேர்த்து நோக்கும்போதுதான், அவையோர் எதற்காக அவ்வளவு சிரித்தனர் என்பது விளங்கும்.

நகைக்கூத்தைப் பிரெஞ்சு மொழியில் ‘பார்ஸ்’ என்பர். அடைத்தல், திணித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது அச்சொல். மத்திய காலத்திலே திருமறைக் கதைகளை நாடகமாக நடித்த வேளையில், பார்ப்போர் களைப்புத் தீர இடையிடையே புகுத்தப்பட்ட சிறு வேடிக்கைகளுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘வழக்கறிஞர் பத்தலேன்’ என்னும் கூத்து அவற்றுட் புகழ் வாய்ந்தது. ‘சலவைத் தொட்டி’ என்பது மற்றொன்று. அதிலே மனைவியும் மாமியும் ஒரு கணவனுக்குரிய வீட்டுவேலைகளையெல்லாம் பட்டியலாக எழுதுவிக்கின்றனர். மனைவி சலவைத் தொட்டிக்குள் விழுந்து கைகொடுக்குமாறு கதறும்போது, அந்த வேலை தன் பட்டியலில் இல்லை என்று அவன் ஆறுதலாக வாசித்துக் காட்டுகிறான். இல்லறத்தில் ஆளுவது யார் என்னும் வினா, இவ்வாறு தொடக்கத்திலிருந்தே நகைக்கூத்தின் விளைநிலமாயிற்று.

இந்நாட்டுப்புற மரபை இலக்கிய நிலைக்கு உயர்த்தியவர் மொலியேர். 1660ஆம் ஆண்டிலே அவர் மேடையேற்றிய ‘ஸ்கனாறேல்’ என்னும் நாடகத்திற்கு ‘கற்பனையில் வஞ்சிக்கப்பட்ட கணவன்’ என்றொரு மறுபெயரும் உண்டு. இளம்பெண்ணொருத்தி மயங்கி விழும்போது அவளுடைய காதலனின் உருவப்படம் கைதவறி வீழ்கின்றது. அதனைக் கண்டெடுத்த ஸ்கனாறேலின் மனைவி அதன் அழகை வியந்து நோக்குகிறாள். அவளது கையில் அதனைக் கண்ட கணவனோ, படத்தில் இருப்பவன் அவளுடைய கள்ளக் காதலன் என்று முடிவு செய்கிறான். ஒரு சிறு பொருள், அதனைத் தவறாகப் பொருள் கொள்ளும் ஒரு கண், அவ்வளவே. நான்கு பேருடைய வாழ்வு குழம்பிவிடுகின்றது. கண்ணாற் கண்டதையும் நம்பவேண்டாம் என்பதே அந்நாடகத்தின் முடிவு. 1668இல் அதே ஆசிரியர், உரோம நாடகாசிரியரான பிளாட்டஸ் எழுதிய கதையைத் தழுவி ‘அம்பித்திறியோன்’ என்னும் நாடகத்தை அளித்தார். கணவனின் உருவத்தைத் தாங்கி வந்த தெய்வத்தை அவனுடைய மனைவியே இனங்காண முடியாது போவதை அது கூறுகின்றது. கைக்குக் கிடைத்த பொருளால் எழும் ஐயமும், உருவ ஒற்றுமையால் எழும் மயக்கமும் பெய்தோவுக்கு இருநூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட முதுசொத்துக்கள் என்பது இவற்றால் தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கூத்து மாளிகையையும் குடிசையையும் விட்டு நடுத்தர வகுப்பினரின் வரவேற்பறைக்குள் குடிபுகுந்தது. ‘வோத்வில்’ என வழங்கிய நாடகவகை அக்காலத்திற் செழித்தது. முதலில் அது பாடல்கள் கலந்ததாக இருந்தது. நாளடைவிற் பாடல்கள் உதிர்ந்துபோகக் கதைச் சிக்கலே எஞ்சியது. ஓஜேன் ஸ்கிரீப் என்பார் சிக்கலை முடிச்சிட்டு அவிழ்க்கும் முறையைத் தொழில்நுட்பமாகவே வகுத்தார். 1851இல் ஓஜேன் லபீஷ் எழுதிய ‘இத்தாலிய வைக்கோல் தொப்பி’ அம்முறையின் பெருவெற்றி. திருமண நாளன்று மணமகனின் குதிரை, மரக்கிளையில் தொங்கிய ஒரு பெண்ணின் தொப்பியைத் தின்றுவிடுகின்றது. அப்பெண்ணோ மணமானவள். இராணுவ அதிகாரி ஒருவனோடு தனித்திருந்தவள். தொப்பியின்றி வீடு சென்றால் கணவன் ஐயுறுவான். அதைப்போன்ற இன்னொரு தொப்பியைத் தேடி மணமகன் பாரிஸ் நகரெங்கும் ஓட, திருமண ஊர்வலம் முழுவதும் காரணம் அறியாமல் அவன் பின்னால் ஓடுகின்றது. ஒரு தொப்பிக்கு இத்தனை அஞ்சுவானேன் என்று இன்று வினவலாம். அதற்குரிய விடை நாடகத்தில் இல்லை. சட்டநூலில் இருக்கின்றது.

1804ஆம் ஆண்டில் நெப்போலியன் காலத்தில் எழுந்த குடியியற் சட்டக்கோவை, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்று வெளிப்படையாகவே விதித்தது. 1810இல் எழுந்த தண்டனைச் சட்டக்கோவையோ ஒரே பிழைக்கு இருவேறு தராசுகளை வைத்தது. நெறி தவறிய மனைவிக்கு மூன்று மாதம் முதல் ஈராண்டு வரை சிறை. நெறி தவறிய கணவனுக்குச் சிறையே இல்லை. தம் குடும்ப வீட்டிலேயே பிறிதொரு பெண்ணை வைத்து வாழ்ந்தான் என்பது மெய்ப்பிக்கப்பட்டால் மாத்திரம் நூறு முதல் ஈராயிரம் பிராங்கு வரை தண்டம். வீட்டுக்கு வெளியே அவன் செய்வன சட்டத்தின் கண்ணிற் படவில்லை. குடும்ப வீட்டிலே மனைவியையும் அவளுடைய காதலனையும் கையுங்களவுமாகக் கண்ட கணவன் அவர்களைக் கொன்றுவிட்டால், அக்கொலை மன்னித்தற்குரியது என்றும் அதே சட்டக்கோவை கூறிற்று. மனைவிக்கு அத்தகைய சலுகை எதுவும் அளிக்கப்படவில்லை.

இத்தகைய மணவாழ்விலிருந்து விடுபடும் வழியும் நெடுங்காலம் அடைபட்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1792இல் அனுமதிக்கப்பட்ட மணவிலக்கு, முடியாட்சி மீண்டபின் 1816இல் ஒழிக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டு யூலை 27ஆம் திகதிச் சட்டத்தின் மூலமே அது மீண்டும் வந்தது. அதன்பொருட்டு ஆண்டுக்கணக்காக வாதாடிய அல்பிறெட் நக்கே என்பவரின் பெயராலேயே அச்சட்டம் அறியப்படுகின்றது. கணவனின் பிழையும் மனைவியின் பிழையும் மணவிலக்குக்குச் சமமான காரணங்கள் என்று அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் தண்டனைச் சட்டக்கோவையின் பழைய தராசு அப்படியே இருந்தது. மேலும் மணவிலக்குப் பெற விரும்புவோர் பிழையை மெய்ப்பிக்கவேண்டும். அதற்குச் சிறந்த சான்று, பொலிஸ் அதிகாரி நேரிற் சென்று கண்டு எழுதும் அறிக்கை. இடுப்பிலே மூவண்ணப் பட்டியணிந்த பொலிஸ் அதிகாரி, விடுதியறைக் கதவைத் தட்டி, சட்டத்தின் பெயரால் திறக்குமாறு ஆணையிடும் காட்சி இவ்வாறே பிரெஞ்சு மேடைக்கு வந்து சேர்ந்தது. நகைக்கூத்தாசிரியர் அதனைப் புனையவில்லை. நீதிமன்ற வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டனர்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. மணமான பெண்ணொருத்தியின் வீழ்ச்சியைத் துயரக் கதையாக எழுதிய குஸ்தாவ் புளோபேர், 1857ஆம் ஆண்டு ‘பொவாரி சீமாட்டி’ என்னும் நாவலுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். பின்னர் விடுதலை செய்யப்பட்டார். அதற்கடுத்த ஆண்டிலே ‘பனி’ என்னும் நாவல் வெளிவந்து பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதுவும் மணமான பெண்ணொருத்தியையும் அவளுடைய காதலனையும் பற்றியதே. அந்நாவலை எழுதியவர் ஏர்னெஸ்ட் பெய்தோ. நாடகாசிரியர் ஜோர்ஜ் பெய்தோவின் தந்தை அவரே. தந்தை கண்ணீரோடு எழுதிய பொருளை மகன் சிரிப்போடு எழுதினார். நீதிமன்றத்தின் முன் நாவலை நிறுத்திய அதே சமுதாயம், நகைக்கூத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்தது.

ஜோர்ஜ் பெய்தோ 1862ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆம் திகதி பாரிசிலே பிறந்தார். 1886இல் ‘பெண்களுக்கான தையற்காரர்’ என்னும் நாடகம் அவருக்கு முதல் வெற்றியைத் தந்தது. அதற்குப்பின் எழுதியவை தொடர்ந்து தோல்வியுற்றன. பெய்தோ மனம் தளரவில்லை; எழுதுவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, லபீஷ் முதலிய முன்னோரின் நாடகங்களை ஒரு மாணவனைப்போல் அமர்ந்து ஆராய்ந்தார். 1892ஆம் ஆண்டிலே அப்பயிற்சியின் பயன் வெளிப்பட்டது. ‘ஐயா வேட்டைக்குப் போகிறார்’, ‘விருப்பமின்றிச் சம்பிஞோல் ஆனவர்’ என்னும் இரு நாடகங்கள் அவ்வாண்டில் வெற்றி பெற்றன. 1899இல் மேடையேறிய ‘மக்சிம் விடுதிப் பெண்’ அவரைப் பாரிசின் முதன்மையான நகைக்கூத்தாசிரியர் ஆக்கிற்று.

சட்டமும் சிரிப்பும் அவருடைய கலையில் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதற்கு, மொறீஸ் தெவலியேர் என்பாரோடு சேர்ந்து அவர் 1894இல் எழுதிய ‘தடையிலா வணிக விடுதி’ ஏற்ற சான்று. கட்டட ஒப்பந்தகாரரான பேங்லே, தம் நண்பர் பையார்தேனின் மனைவியோடு ஓர் இரவு விடுதிக்குச் செல்கிறார். பல இடையூறுகளால் அங்கு எந்தப் பிழையும் நிகழவில்லை. ஆயினும் பொலிசார் விடுதியைச் சுற்றிவளைக்கின்றனர். பெயர் என்ன என்று அதிகாரி வினவும்போது, தாம் பையார்தேன் என்கிறார் பேங்லே. உடனிருந்த பெண்ணோ, தன்னைப் பேங்லேயின் மனைவி என்று கூறிவிடுகிறாள். ஒருவர் மற்றவரைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சொன்ன இப்பொய்களால், ஏதுமறியாத கணவனும் ஏதுமறியாத மனைவியும் விடுதியில் ஒன்றாகப் பிடிபட்டதாக அரசாங்க ஏடு பதிவு செய்கின்றது. பெயரையும் எழுத்தையும் மட்டுமே நம்பும் சட்டத்தின்மீது இதனினும் கூரிய கேலி வேறில்லை.

இவற்றையெல்லாம் கடந்து நிற்பது ‘காதிற் புகுந்த தெள்ளு’. அதன் கதை பின்வருமாறு:

பாரிசிலே காப்புறுதி நிறுவனமொன்றின் தலைவர் ஷாந்தபீஸ். நல்லவர், ஒழுக்கமுடையவர். சிலகாலமாக ஏதோவொரு மனத்தளர்ச்சியால் மனைவியோடு முன்போல் அன்பாயிருக்க இயலாமல் வருந்துகிறார். மனைவி றேமோந்தோ அதன் காரணத்தை அறியாள். அவ்வேளையில் ‘சிருங்காரப் பூனை’ என்னும் பெயருடைய ஒரு விடுதியிலிருந்து தபாலிலே ஒரு பொதி வருகின்றது. பொதியைப் பிரித்தால், காற்சட்டையைத் தாங்குவதற்குத் தோளில் மாட்டும் வார்கள். அவை அவளே கணவனுக்குக் கொடுத்தவை. அந்த விடுதி பாரிசுக்கு அணித்தான மொந்திரத்தூ என்னுமிடத்திலே, மறைவாகச் சந்திக்க விரும்புவோர்க்கென்றே நடத்தப்படுவது. தெள்ளு காதிற் புகுந்துவிட்டது. உண்மையிலே மருத்துவரின் அறிவுரைப்படி வேறு வார்களை அணியத் தொடங்கிய ஷாந்தபீஸ், பழையவற்றைத் தம் உறவினனாகிய கமீலிடம் கொடுத்துவிட்டார். மொலியேரின் நாடகத்தில் உருவப்படம் செய்ததை இங்கே தோள்வார் செய்கின்றது.

கணவனைக் கையுங்களவுமாகப் பிடிக்க றேமோந்து திட்டமிடுகிறாள். அரங்கிலே அவரைக் கண்டு மயங்கிய ஒரு பெண் எழுதுவது போல ஒரு காதற்கடிதம் எழுதி, அவரை அந்த விடுதிக்கு வருமாறு அழைக்கவேண்டும். தன் கையெழுத்தைக் கணவன் அறிவான் என்பதால் தோழி லூசியெனைக்கொண்டு எழுதுவிக்கிறாள். கடிதம் கிடைத்ததும் ஷாந்தபீஸ் முதலிற் பெருமிதம் அடைகிறார். உடனே, தம்மைப்போன்ற ஒருவரை எந்தப் பெண் விரும்புவாள் என்று எண்ணி, அன்று அரங்கிலே தம்மருகில் அமர்ந்திருந்த அழகன் தூர்னெலுக்கே அது உரியது என்று முடிவு செய்து, அவனையே போகச் சொல்கிறார். தூர்னெலோ றேமோந்தின்மீது ஏற்கெனவே கண்வைத்திருப்பவன். இந்நிலையிலே கடிதத்தை லூசியெனின் கணவன் ஓமெனிதேசுக்கும் காட்டிவிடுகிறார். அவன் சினமே உருவான அயல்நாட்டான், பொறாமைக்காரன். கடிதத்தில் தன் மனைவியின் கையெழுத்தைக் கண்டதும் கைத்துப்பாக்கியோடு விடுதியை நோக்கிப் பாய்கிறான்.

இரண்டாம் அங்கம் அந்த விடுதியில் நிகழ்வது. அங்குள்ள அறையொன்றிலே விந்தையான கட்டில் உண்டு. பொத்தானை அழுத்தினால் சுவரோடு சேர்ந்து கட்டிலும் சுழன்று மறைய, அடுத்த அறைக் கட்டில் இப்புறம் வந்து சேரும். அதிலே வாதநோயால் முனகும் கிழவர் ஒருவர் படுத்திருப்பார். விடுதிக்காரரின் உறவினரான அவருக்கு அதுவே தொழில். பொலிசாரோ, கணவனோ, மனைவியோ கதவை உடைத்து உள்ளே வந்தால் அவர்கள் காண்பது அந்த நோயாளியை மட்டுமே. கையுங்களவுமாகப் பிடித்தலையே சான்றாகக் கொண்ட சட்டத்திற்கு நகைக்கூத்து கண்டுபிடித்த மாற்றுப்பொறி இது.

அவ்விடுதியிலே பொஷ் என்றொரு வேலையாள் இருக்கிறான். எப்பொழுதும் மதுவில் மூழ்கியவன். உருவத்திலே ஷாந்தபீசும் அவனும் ஒரே அச்சில் வார்த்தது போன்றவர்கள். இரு வேடங்களையும் ஒரே நடிகரே தாங்குதல் வேண்டும். விடுதிக்கு வந்த றேமோந்தும் தூர்னெலும் பொஷைக் கண்டு ஷாந்தபீஸ் என்று எண்ணி நடுநடுங்கி, மன்னிக்குமாறு மன்றாடுகிறார்கள். குடிமயக்கத்தில் இருந்த அவனோ ஒன்றும் விளங்காமல் இருவரையும் தழுவிக்கொள்கிறான். பின்னர் அங்கு வந்து சேர்ந்த மெய்யான ஷாந்தபீசை, விடுதிக்காரரான பெராயோன் தம் வேலையாள் என்று கருதி உதைத்து, மேலங்கியைப் பிடுங்கி, வேலைக்காரச் சீருடையை மாட்டிவிடுகிறார். கமீலோ ஷாந்தபீசின் சமையற்காரியோடு அங்கு வந்து மறைந்திருக்கிறான். அவளுடைய கணவனும் வந்து சேர்கிறான். கைத்துப்பாக்கியுடன் ஓமெனிதேஸ் வருகிறான். யார் யாரைக் காணக்கூடாதோ, அவர்கள் அனைவரும் ஒருவர்முன் ஒருவர் வந்து நிற்கும்படி செய்வதே பெய்தோவின் முறை.

மூன்றாம் அங்கத்தில் எல்லோரும் ஷாந்தபீசின் வீட்டுக்குத் திரும்புகின்றனர். பொஷும் அங்கு வந்துவிடுகிறான். வீட்டார் அவனையே தலைவர் என்று எண்ணிக் கட்டிலிற் கிடத்துகிறார்கள். வேலைக்காரச் சீருடையோடு வீடு திரும்பிய மெய்யான தலைவர், தம் கட்டிலிலே தம்மையே கண்டு அலறுகிறார். முடிவிலே விடுதிக்காரர் வரவும் உருவ ஒற்றுமை வெளிப்படுகின்றது. கடிதத்தின் உண்மையும் தோள்வாரின் உண்மையும் தெளிய, குழப்பம் தீர்கின்றது.

இக்கதையை ஆற அமர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஐயத்திற்கு ஆளான ஷாந்தபீஸ் எந்தப் பிழையும் செய்யவில்லை. லூசியெனும் பிழை செய்யவில்லை. தூர்னெலின் வலையிற் சிக்குவாள் போலிருந்த றேமோந்தும் பிழைக்கு முன்னரே தப்பிவிடுகிறாள். உண்மையாகவே தோள்வாரை அந்த விடுதியிலே மறந்துவிட்டு வந்தவன், பேச்சுத் திறனற்ற அப்பாவி என்று யாவரும் கருதிய கமீல் ஒருவனே. அவன்மீது எவரும் ஐயுறவில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள். எவரும் எவரையும் அறிந்திருக்கவில்லை.

இவற்றுள் ஆழமானது, றேமோந்து பொஷின் முன்னே நின்று மன்னிப்பு வேண்டும் காட்சி. கணவனின் உள்ளத்தை வேவு பார்க்கப் புறப்பட்ட மனைவி, கணவன் முகத்தையே இனங்காணத் தவறுகிறாள். வேறொரு மனிதனை, அதுவும் தள்ளாடும் குடியன் ஒருவனைக் கண்டு, தன்னோடு வாழ்ந்தவன் என்று எண்ணிவிடுகிறாள். அவையோர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். ஆனால் அச்சிரிப்பு அடங்கும்பொழுது ஒரு கேள்வி எஞ்சும். தோள்வாரையும் கையெழுத்தையும் சான்றாகத் தேடும் இம்மனிதர், அருகில் இருப்பவரிடம் நேரே வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாகாதா? ஷாந்தபீஸ் தம் தளர்ச்சியை மருத்துவரிடம் கூறினார். மனைவியிடம் கூற வெட்கினார். றேமோந்து தன் ஐயத்தைத் தோழியிடம் கூறினாள், கணவனிடம் கூறவில்லை. கீழ்ப்படிதலையும் பாதுகாத்தலையும் பற்றி விதிகள் வகுத்த குடியியற் சட்டம், ஒருவரையொருவர் அறிதலைப்பற்றி விதியெதுவும் வகுக்கவில்லை. ஆள்மாறாட்டமும் துரோக ஐயமும் இந்நாடகத்தில் இரு வேறு வேடிக்கைகள் அல்ல. ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

உடையின் செய்தியும் அத்தகையதே. மேலங்கி அணிந்திருக்கும்வரை ஷாந்தபீஸ் மதிப்புக்குரிய தலைவர். சீருடை மாட்டப்பட்ட கணத்திலிருந்து அவர் உதைக்குரிய வேலையாள். முகம் அதே முகம். குரல் அதே குரல். தாம் யார் என்று அவர் எத்தனை முறை கூறினாலும் கேட்பாரில்லை. உதைபடும் வேலையாளின் நிலை எத்தகையது என்பதை அன்று அரங்கின் விலையுயர்ந்த இருக்கைகளில் அமர்ந்திருந்த முதலாளிமார், தம்மைப் போன்ற ஒருவர் உதைபடும்போதுதான் கண்டனர்.

ஓமெனிதேசின் கைத்துப்பாக்கியையும் வெறும் விளையாட்டுப் பொருள் என்று கொள்ளுதல் ஆகாது. அக்காலத்துப் பிரான்சிலே பொறாமையாற் கொலை செய்தவர்களை நீதிமன்ற யூரிமார் பல தடவை இரக்கத்தோடு விடுதலை செய்தனர். எனவே அத்துப்பாக்கியைக் கண்டு அவையோர் சிரித்த சிரிப்பிலே அச்சமும் கலந்திருந்தது. ஒருபுறம் சட்டமும் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. நெறி பிறழ்ந்து மணவிலக்குப் பெற்றவர் தம் காதலரை மணக்கக்கூடாதென்ற தடை 1904இல் நீக்கப்பட்டது. நாடகம் மேடையேறிய அதே 1907ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, மணமான பெண் தான் உழைத்துப் பெற்ற ஊதியத்தைத் தானே ஆளலாம் என்னும் சட்டம் நிறைவேறியது. கீழ்ப்படிதற் கடமை 1938இல் நீங்கியது. நெறி பிறழ்தல் தண்டனைக்குரிய குற்றம் என்னும் நிலை 1975ஆம் ஆண்டுவரை நீடித்தது.

இந்நாடகத்தின் குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. கமீல் அண்ணப் பிளவுடன் பிறந்தவன். மெய்யெழுத்துக்களை அவனால் ஒலிக்க முடியாது. மருத்துவர் அவனுக்கு வெள்ளியால் ஆன அண்ணத் தகடு ஒன்றைத் தருகிறார். அதனை அணிந்தால் தெளிவாகப் பேசுவான். தொலைந்ததும் மீண்டும் குழறுவான். உடற்குறையையும் அயல்நாட்டான் உச்சரிப்பையும் சிரிப்புக்கு இலக்காக்கியது அக்காலத்து மேடையின் பொதுவழக்கு. இன்று இதனை மேடையேற்றுவோர் இப்பகுதியில் விழிப்போடிருத்தல் வேண்டும். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் தகும். அனைத்தையும் அறிந்தவன் கமீல் ஒருவனே. அவன் கூறுவதைப் பொறுமையோடு கேட்க ஒருவரேனும் முன்வந்திருந்தால் குழப்பத்திற்கு இடமே இருந்திராது.

பெய்தோவின் கைத்திறன் கடிகாரம் செய்வோனின் கைத்திறனோடு ஒப்பிடப்படுவது வழக்கம். எந்தக் கதவு எங்கிருக்க வேண்டும், எந்த நாற்காலி எத்திசை நோக்க வேண்டும், எந்தச் சொல்லில் எந்த நடிகர் அடியெடுத்து வைக்கவேண்டும் என்பனவெல்லாம் அவருடைய ஏட்டிலே நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். முதலங்கத்தில் தற்செயலாகக் கூறப்பட்டது போலத் தோன்றும் சொல் மூன்றாமங்கத்திற் பயன் தரும். ஒரு கணம் பிந்தினாலும் பொறி நின்றுவிடும். இந்த நாடகத்தின் முதல் அளிக்கை நன்கு நடந்துகொண்டிருந்த வேளையில், கமீல் வேடமேற்ற நடிகர் இறந்துபோகவே 86 ஆட்டங்களோடு அது முடிவுற்றது.

ஊரார் இல்லறத்தைச் சிரிப்பாக்கியவரின் சொந்த இல்லறம் இனியதாக அமையவில்லை. புகழ்பெற்ற ஓவியர் கறோலுஸ் டுறானின் மகளை அவர் 1889இல் மணந்தார். 1909ஆம் ஆண்டில் வீட்டைவிட்டு வெளியேறி, சென் லஸார் புகையிரத நிலையத்தருகே இருந்த தெர்மினுஸ் ஹோட்டலில் தங்கினார். சில நாட்களுக்கென்று சென்றவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். 1916இல் மணவிலக்கு ஆயிற்று. விடுதியறைகளை வைத்து உலகைச் சிரிக்கவைத்தவர் தாமே ஒரு விடுதியறையில் தனித்திருந்தார். அக்காலத்தில் எழுதிய ஓரங்க நாடகங்களிலே கள்ளக் காதலும் இல்லை, ஆள்மாறாட்டமும் இல்லை. நள்ளிரவில் சண்டையிடும் ஒரு கணவனும் மனைவியும் மட்டுமே எஞ்சினர். நோய் மூளையைத் தாக்கவே 1919இல் பாரிசுக்கு அணித்தான றூயெய் நகரத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே சில வேளைகளில் தம்மை மூன்றாம் நெப்போலியன் என்று அவர் கருதினார் என அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். ஆள்மாறாட்டத்தின் பேராசான் இறுதியில் தாமே அதற்கு ஆளானார். 1921ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் திகதி அவர் காலமானார்.

அவர் வாழ்ந்த காலத்திலே அறிஞர் பலர் அவரை வெறும் வேடிக்கைக்காரராகவே மதித்தனர். மதிப்பு மாறியது பிற்காலத்தில். 1948இல் சான் லூயி பறோவின் நாடகக் குழுவினர் அவருடைய ‘அமெலியைக் கவனித்துக்கொள்’ என்னும் நாடகத்தை மீண்டும் மேடையேற்றினர். மொலியேரின் இல்லம் என்று போற்றப்படும் ‘கொமெடி பிரான்சேஸ்’ அரங்கு அவருடைய முழுநீள நாடகம் ஒன்றினை 1961இல் அளித்தது. அதனை நெறிப்படுத்திய சாக் ஷறோன், 1966இல் இலண்டனுக்குச் சென்று, இங்கிலாந்தின் தேசிய நாடக மன்றத்துக்காக ‘காதிற் புகுந்த தெள்ளு’ நாடகத்தை நெறிப்படுத்தினார். ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தவர் ஜோன் மோட்டிமர். ஷாந்தபீசாகவும் பொஷாகவும் நடித்தவர் அல்பேட் பினி. அதன்பின் உலகின் பல மேடைகளிலே அந்நாடகம் நடிக்கப்பட்டு வந்துள்ளது.

மனைவியைச் சிறையிலிட்ட சட்டம் மறைந்துவிட்டது. மூவண்ணப் பட்டியோடு கதவைத் தட்டிய அதிகாரியும் மறைந்துவிட்டார். காற்சட்டைக்குத் தோள்வார் அணிவாரும் அருகிவிட்டனர். எனினும் சுழலும் கட்டிலைக் கண்டு மக்கள் இன்றும் சிரிக்கின்றனர். அருகிருப்பவரை அறிந்துவிட்டதாக எண்ணி வாழ்வதும், சிறு ஐயம் எழுந்ததும் அவரிடம் கேளாமல் அவருடைய பொருட்களிடம் கேட்பதும் எந்த நாட்டுச் சட்டத்தாலும் நீக்கக்கூடிய குறைகள் அல்லவே. அக்குறையை அறிவுரையாகக் கூறாமல், கதவுகளாலும் உதைகளாலும் ஒரு சோடித் தோள்வாராலும் விளக்கியதே பெய்தோ என்னும் கலைஞரின் சாதனை.